சாமை என்ற பூனையோடு 11 மாதம்: வெளியே கூட்டிப்போன ஒரு நிகழ்வு ஆய்வு

சாமை அரிசியின் நிறம் என்பதால் அவளுக்குச் சாமை என்று பெயர். வைத்தவர் என் மாமனார். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் பல வருடம் கணக்கு எழுதியவர். காபி மூட்டை அடுக்கும் அறையில் எலிக்காக இருந்த பூனை போட்ட கடைசிக் குட்டி இவள். மூடிய கதவு என்ற ஒன்றை அவள் பார்த்ததில்லை. சில்வர் ஓக் மரமும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், காபிச்செடி வரிசையும்தான் வீடு. மாமா காலமான பிறகு, தை மாதம், அத்தையையும் சாமையையும் சேலத்துக்கே கூட்டி வந்துவிட்டோம். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அம்மாபேட்டையில் ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு. தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். அப்போது அவளுக்கு 5 வயது, கருத்தடை ஆகியிருந்தது, எடை 3.6 கிலோ.

வீட்டுப் பூனையை வெளியே கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு முன்பு நான் நேரம், தூரம், கயிற்றின் நீளம் என்று சொல்லியிருப்பேன். இப்போது சொல்வது வேறு. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை, நடுவில் நடந்த பிசகையும் மறைக்காமல், என் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். தறிகள் ஓடும்போது காதைப் பின்னால் மடித்துக்கொள்வாள். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு எல்லை முடிந்துவிடும். பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய தறிச் சத்தத்துக்கு மேலே அவளுக்கு இன்னும் என்னென்ன கேட்டதோ, தெரியாது.

மாசி பிறந்ததும் வெளியே வந்தாள், ஆனால் வேறு பூனையாக. ராத்திரி 3 மணிக்கு வாசல் கதவின் முன் உட்கார்ந்து அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். பகல் முழுக்கத் தூக்கம், தட்டில் போட்டது எல்லாம் காலி. பிறகு மெத்தையில் சிறுநீர். ஒருநாள் குளியலறைத் தரையில் சொட்டுச் சொட்டாக இருந்தது, அதில் ரோஸ் நிறம். தூக்கிப் பார்த்தால் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. நக்கி நக்கி எடுத்திருக்கிறாள்.

கால்நடை மருத்துவர் சிறுநீரைப் பரிசோதித்தார், ஸ்கேன் பார்த்தார். கல் இல்லை, கிருமித் தொற்று இல்லை. மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்ணாகும் நிலை. இடியோபதிக் சிஸ்டைட்டிஸ் என்று பெயர். பூனைகளில் மிகவும் சாதாரணமாகக் காண்பது. ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்: ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அடைப்பு. அன்றைக்கே மருத்துவரிடம் போகாவிட்டால் உயிர் போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

டாக்டர் முதலில் வீட்டைத்தான் மாற்றச் சொன்னார். மலஜலம் கழிக்க மண் தட்டு இரண்டு, வேறு வேறு மூலையில். உலர் தீனியைக் குறைத்து ஈரத் தீனி. தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி. ஜன்னலுக்கு மேலே ஏறி உட்கார ஒரு பலகை. தினமும் இரண்டு வேளை விளையாட்டு. செய்தோம். மெத்தையில் சிறுநீர் நின்றது. கதவருகே கத்தலும் வயிற்றை நக்குவதும் நிற்கவில்லை. எடை 4.3 கிலோவுக்கு ஏறியிருந்தது. பங்குனிக் கடைசியில், வெளியே கூட்டிப்போகலாமா என்று கேட்டேன்.

"போலாங்க. ஆனா ஒண்ணு, பழக்கிட்டு நிறுத்தினீங்கன்னா இப்ப இருக்கறதவிட மோசமாயிடும். முடியுமான்னு பாத்துட்டு ஆரம்பிங்க" என்றார்.

பூனைகளுக்கான ட்ரைகேட் தடுப்பூசியும் ரேபிஸ் ஊசியும் தேதி தவறியிருந்தன, போட்டோம். குடற்புழு மருந்தும் கொடுத்தோம். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பிடரியில் விடும் சொட்டு மருந்து பூனைக்கானதுதானா என்று அட்டையை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்க வேண்டும். நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் கொடுத்துக் கொன்றுவிடும். கடையில் எடுத்துக் கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ஹார்னஸ்

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டிப் பூனையைக் கூட்டிப்போகக் கூடாது. பயந்து துள்ளினால் இழுப்பு முழுவதும் தொண்டையில் விழும். கழுத்தையும் மார்பையும் சுற்றி வரும் ஹார்னஸ்தான் சரி. நான் முதலில் வாங்கியது ஒட்டுப்பட்டை வைத்தது. பிரிக்கும்போது வரும் அந்த 'சர்ர்' சத்தத்துக்கே அலமாரி மேல் ஏறிவிட்டாள். அதை எடுத்து வைத்துவிட்டு கொக்கி மாட்டும் வகை ஒன்று வாங்கினேன். நான்கு நாள் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் முதுகின் மேல் வைத்து எடுத்தேன். எட்டாம் நாள் மாட்டினேன்.

மாட்டியதும் கால் செத்தவள் மாதிரி பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். மகள் பயந்துபோய், "அம்மா, கழட்டுமா, அதுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. உடம்பைச் சுற்றி எதுவோ அழுத்தும்போது பெரும்பாலான பூனைகள் இப்படித்தான் விழும். இரண்டு நிமிடம் விட்டு, ஒரு துண்டு வேகவைத்த கோழியை மூக்குக்கு முன்னால் நீட்டி, அவள் எட்டித் தின்றதும் கழற்றினேன். அடுத்த நாள் மூன்று நிமிடம். பத்தொன்பதாம் நாள் வாலைக் கம்பம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு ஹார்னஸோடு சமையலறைக்கு நடந்து வந்தாள். அந்த வாலைப் பார்த்த பிறகுதான் கயிற்றை மாட்டினேன்.

அப்போதே வைத்துக்கொண்ட ஒரு விதியை இன்றுவரை மீறவில்லை. வாசல் கதவை அவள் தன் காலால் தாண்டக்கூடாது. உள்ளறையில் ஹார்னஸ், பிறகு கூடைக்குள், கூடையோடு படி இறங்கி, கொல்லையில் வைத்துத் திறப்பேன். கதவு திறந்தால் வெளியே ஓடலாம் என்று ஒரு பூனை கற்றுக்கொண்டால் பால்காரர் வரும்போதும் ஓடும், சிலிண்டர்காரர் வரும்போதும் ஓடும். கூடைதான் வெளியே போகும் வழி என்று கற்றுக்கொண்டால் கதவு அதற்கு வெறும் சுவர்.

கொல்லையில்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் பழைய கிணறு ஒன்று, இரும்பு வலை போட்டு மூடியது. ஒரு வேப்பமரம், ஒரு கொய்யா, பிறகு குப்பைமேனியும் அறுகும் மண்டிய கொஞ்சம் மண். சித்திரையில் சேலம் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். அதனால் காலை 5.30. சிமெண்டுத் தரையில் புறங்கையை ஏழு எண்ணும்வரை வைத்துப் பார்ப்பேன். கை தாங்காவிட்டால் அவள் பாதமும் தாங்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதோடு வீட்டுக்கு. நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு, பூனை இரைத்தால் அது ஆபத்தின் அறிகுறி.

நடை என்ற சொல்லே என்னைத் தவறாக வழிநடத்தியது என்று இப்போது நினைக்கிறேன். முதல் வாரம் நோட்டில் தூரம் எழுதினேன். 8 மீட்டர், 11 மீட்டர், 6 மீட்டர். இவ்வளவு கஷ்டப்பட்டு இவ்வளவுதானா என்று மனம் சோர்ந்தது. ஒருநாள் அவளை நகர்த்தும் எண்ணத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வேப்பமரத்தின் தூரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பட்டை பிளந்த ஓர் இடம். முகர்ந்தாள். ஒரு விரல்கடை மேலே முகர்ந்தாள். திரும்ப முதல் இடம். பிறகு மேலுதட்டைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்து, கண்ணை எங்கோ நிறுத்தி, அப்படியே சில நொடி. மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசனையை ஏற்றும் வேலை அது. எந்தப் பூனை, ஆணா பெண்ணா, போய் எவ்வளவு நேரமாகிறது, எல்லாம் அந்தப் பட்டையில் இருக்கிறது. பதினோரு நிமிடம் அந்த ஒரு சாண் இடத்தில் நின்றாள். கடைசியில் தன் கன்னத்தை அதில் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கூடையைப் பார்த்து நடந்தாள்.

அன்றோடு தூரம் எழுதுவதை நிறுத்தினேன்.

பலகணியிலிருந்து பார்த்த அத்தை, "கண்ணு, அந்தச் செடிய வேரோட ஒண்ணு புடுங்கிப் போடு, பாரு" என்றார். குப்பைமேனியை அவர் பூனைவணங்கி என்றுதான் சொல்வார். பிடுங்கிப் போட்டேன். சாமை அந்த வேரில் தாடையைத் தேய்த்து, தோளைத் தேய்த்து, மல்லாந்து புரண்டாள். சேலம் வந்து நான்கு மாதத்தில் அவள் வயிற்றைக் காட்டிப் புரண்டது அதுதான் முதல் தடவை. நம் ஊர் வேலியோரத்தில் இது சும்மா முளைத்துக் கிடக்கும்போது, பெட்டியில் அடைத்த பூனைப் புதினாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அரளி, உண்ணிச்செடி, லில்லி இவை இருக்கும் பக்கம் மட்டும் போக விடக்கூடாது. லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

ஆனி மாதம் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: யார் முடித்தது. அவளே கூடைக்குத் திரும்பினால் 'சா'. நேரமாகிவிட்டது என்று நான் தூக்கினால் 'நான்'. மூன்று வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, 'நான்' என்று இருந்த நாட்களில்தான் மதியம் கதவருகே கத்தல் என்ற குறிப்பும் இருந்தது. 'சா' என்ற நாட்களில் வந்ததும் சாப்பிட்டு, ஜன்னல் பலகையில் நாலைந்து மணி நேரம் தூக்கம். பத்து நிமிடத்தில் முடித்தாளா நாற்பது நிமிடத்திலா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று அந்தக் கட்டம் காட்டியது. அரை மணி முன்னால் எழ ஆரம்பித்தேன்.

ஆடி நடுவில் எடை 3.9. வயிற்றில் முடி பொடிப்பொடியாக முளைத்திருந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆடி

சேலத்தில் ஆடி என்றால் ஊரே மாரியம்மனுக்கு. அம்மாபேட்டையில் வண்டி வேடிக்கை நடக்கும் நாள். சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றிய அலங்கார வண்டிகளைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். காலை நடை தவறிவிட்டது. சாயங்காலம் அவள் கதவருகே கத்தத் தொடங்கியதும், ஊர்வலம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறதே, ஐந்து நிமிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று தூக்கிக்கொண்டு இறங்கினேன். மணி 5.40. கூடையை எடுக்கவில்லை.

அடுத்த தெருவில் சரவெடி. சாமை தரையோடு அமுங்கினாள். எனக்குப் பதற்றம், அவளுக்கு நேரெதிரே நின்று கயிற்றை என் பக்கம் இழுத்தேன். அவள் பின்பக்கமாக நகர்ந்தாள். தலை தாழ்ந்தது, முன்னங்கால் இரண்டும் காதோடு ஒட்டின, ஹார்னஸ் மட்டும் என் கையில் நின்றது. சுவரைத் தாண்டிவிட்டாள்.

அடுத்து நான் செய்ததும் தவறு. தெருப் பையன்கள் பத்துப் பேர் டார்ச்சோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மனதார உதவினார்கள். ஆனால் "சாமை, சாமை" என்று பத்துக் குரல் தெரு முழுக்கக் கேட்டால் எந்தப் பூனை வெளியே வரும்? விடியும்வரை அலைந்தோம். மறுநாள் பகலில் ஒரு தெரு தள்ளி, இரண்டு தெரு தள்ளி என்று நானே தேடினேன். சாயங்காலம் வந்து உட்கார்ந்தபோது அத்தை சொன்னார்:

"கண்ணு, அத்தன பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு. நாய்தான் ஓடும், பூன பதுங்கும். அது இங்கதான் எங்கியோ மூச்சப் புடிச்சிட்டு உக்காந்திருக்கும். ஊர் தூங்கட்டும், நீ மட்டும் போ."

காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். கண்டுபிடிக்கப்பட்டவற்றில் முக்கால் பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் கிடைத்திருக்கின்றன. அத்தை சொன்னதுதான்.

ராத்திரி 2 மணிக்கு நெத்திலிக் கருவாட்டை வறுத்து, சூடாக டப்பாவில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்துத் தறிக்கூடத்தில் ராத்திரி வேலை ஓடிக்கொண்டிருந்தது. தறி ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னதும், "இருங்கக்கா" என்று எல்லாத் தறியையும் நிறுத்தி, விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஓடும் தறியை நிறுத்துவது என்றால் கூலியை நிறுத்துவது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்தேன். கூப்பிடவில்லை. டார்ச்சை என் கண் மட்டத்தில் பிடித்துத் தரையோரமாக மெதுவாகத் திருப்பினேன். மூலையில் அடுக்கியிருந்த பாவு உருளைகளுக்கு அடியில் இரண்டு பச்சைப் புள்ளி. எங்கள் வாசலிலிருந்து 40 மீட்டர்கூட இருக்காது. முந்தின நாள் முழுக்க அந்தக் கூடத்து வாசலைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தேன். வெளியே வர இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள். மணி 2.40. தொலைந்து 33 மணி நேரம்.

ஏன் நடந்தது

ஹார்னஸ் பழுதில்லை. வாங்கியபோது உடம்புக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கியிருந்தேன். அது 4.3 கிலோ சாமைக்கு. 400 கிராம் குறைந்ததில் மார்பின் சுற்றளவு குறைந்து, பட்டை தளர்ந்துவிட்டது. எடை குறைந்ததைச் சந்தோஷமாக நோட்டில் எழுதிய நான், பட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை. பூனையின் தோளெலும்பு நம்முடையதுபோல மற்ற எலும்போடு பூட்டிக்கொண்டிருப்பதில்லை, தோளை மடக்கிவிடும். தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழையும். எதிரே நின்று இழுத்தால் ஹார்னஸைத் தலைவழியாக நாமே உருவிவிடுகிறோம் என்று அர்த்தம். அவள் பின்வாங்கினால் நாமும் அவள் போகும் பக்கம் ஓரடி வைத்துக் கயிற்றைத் தொய்வாக்க வேண்டும், இல்லையென்றால் சட்டென்று மேலே துணியைப் போட்டு அள்ளிக்கொள்ள வேண்டும். கூடை பக்கத்தில் இருந்திருந்தால் அவளே அதற்குள் ஓடியிருப்பாள். மூன்று மாதமாக அதுதான் அவளுக்கு வீட்டு வாசல். என் போன் நம்பர் பொறித்த வில்லையும் ஹார்னஸில்தான் தொங்கியது, அதுவும் என் கையிலேயே நின்றுவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்று. அன்றைய நேரத்தையும் இடத்தையும், போவதையும் நிற்பதையும் முழுக்க நானே தீர்மானித்தேன். இறங்கும்போதே அவள் காது பக்கவாட்டில் மடிந்திருந்தது. பார்த்தேன், பார்த்தும் இறங்கினேன். இதை எழுதும்போதும் நெஞ்சு வலிக்கிறது.

மருத்துவர் பார்த்தபோது உடம்பில் நீர் குறைந்திருந்தது, ஒரு நகம் பிய்ந்திருந்தது, உடல் வெப்பம் 38.7 டிகிரி, அது இயல்புதான். நான்காம் நாள் சிறுநீரில் மறுபடியும் ரத்தம்.

மறுபடியும்

மூன்று வாரம் வெளியே போகவில்லை. பிறகு ஹார்னஸைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைப்பதிலிருந்து தொடங்கினோம். இந்த முறை மேல்சட்டை மாதிரி மார்பை மூடும் வகை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி எடை பார்த்ததும் பட்டையை விரல் விட்டுப் பார்ப்பதும் சேர்ந்தே நடக்கிறது. கழுத்தில் தனியாக ஒரு மெல்லிய பட்டை, எங்காவது மாட்டினால் தானே பிரிந்துகொள்ளும் கொக்கி வைத்தது, வில்லை அதில். தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் போட்டாயிற்று. திருவிழா, தீபாவளி வாரம், எதிர்வீட்டில் கட்டட வேலை என்றால் நடை கிடையாது. அந்த நாட்களில் பிடுங்கிய குப்பைமேனியும், கொல்லை மண் நிரப்பிய ஒரு தட்டும், நாலைந்து வேப்பஞ்சருகும் வீட்டுக்குள் வரும். அரை மணி நேரம் அதையே படித்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசியிலிருந்து சிறுநீரில் ரத்தம் இல்லை. வயிற்றில் முடி முழுசாக மூடிவிட்டது.

எல்லாப் பூனைக்கும் இது தேவையா என்று கேட்டால், இல்லை என்பேன். வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, ஜன்னலில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பூனையை, பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்று தெருவுக்கு இழுக்க வேண்டியதில்லை. சாமை ஒரு மலையை இழந்தவள்; அதனால் அவளுக்குத் தேவைப்பட்டது.

மார்கழிக் கடைசியில், அத்தை ஒருமுறை தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சாமையையும் கூட்டிப்போனோம். ஐந்து மணி நேரம் வயிறு காலி, கூடை மேல் அத்தையின் பழைய சேலை. ஏழாவது வளைவு வரை கத்தினாள், பிறகு அடங்கிவிட்டாள். பழைய இடத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டு ஓடுவாள் என்று கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். அங்கே இப்போது காட்டெருமை நடமாட்டமும் இருக்கிறது என்று எச்சரித்திருந்தார்கள்.

ஓடவில்லை. களத்தில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரமாகச் சுற்றி வந்து, மூட்டை அறையின் படிக்கட்டை முகர்ந்தாள். மேல்படி, கீழ்ப்படி, திரும்ப மேல்படி. பிறகு வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கத் தொடங்கினாள். நாற்காலியில் இருந்த அத்தை கையை நீட்டினார். கயிற்றைக் கொடுத்தேன்.

அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: களத்து ஓரம். 40 நிமிடம். கயிறு அத்தை கையில், தொய்வாக. முடித்தது சா.